தேர் இழுத்த கைக்குத் தெரிந்த இயற்பியல்

தைப்பூசம் முடிந்த கையோடு எங்களுக்கு முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இயற்பியல் பயிற்சி வகுப்பு எடுக்க ஆரம்பித்து இது எனக்கு எட்டாவது வருடம். எட்டு வருடமாக முதல் வாரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். கையை விட்டுப் போய்விட்டது, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்த நொடியில் பந்தின் மேல் என்னென்ன விசைகள்? அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

விடை ஒரே ஒரு அம்பு. கீழ்நோக்கி, புவியீர்ப்பு. ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் இரண்டு அம்பு வரைவார்கள்: மேல்நோக்கிப் பெரிதாக ஒன்று, கீழ்நோக்கிச் சின்னதாக ஒன்று. பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் டிஸ்டிங்ஷன் வாங்கிய பிள்ளைகளும் அப்படித்தான் வரைகிறார்கள். நியூட்டனின் முதல் விதியை (மொத்த விசை சுழியாக இருந்தால் ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டேயிருக்கும்) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

முதல் இரண்டு வருடம் அந்த மேல் அம்பைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த அம்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

கேட்க வைத்தவள் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு மாணவி. அவளுக்குத் தமிழ் பேச வராது. ஆயா, தாத்தா, கோயில், பிரசாதம் என்ற அளவில் சொற்கள் தெரியும். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். சமதரையில் ஒரு பெட்டியை ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால், இழுவிசை பெரிதா, உராய்வு பெரிதா என்பது கணக்கு. இரண்டும் சமம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "மேடம், நான் காவடிக்குத் தேர் இழுத்திருக்கிறேன். சமமாக இருந்தால் தேர் நகராது. இழுப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். என் தோளுக்குத் தெரியும்" என்றாள்.

உம்கேனி சாலைக் கோயில் விழாவுக்குப் போனவர்களுக்கு அந்தத் தேர்கள் நினைவிருக்கும். அவள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. நின்ற தேரைக் கிளப்பக் கூடுதல் பலம் வேண்டும், கிளப்பிய பிறகும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நிற்கும். உராய்வு இல்லாத இடத்தில் அவள் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. நாமும்தான் வாழ்ந்ததில்லை.

நான் திருநெல்வேலிக்காரி. ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். நான் சின்ன வயதில் பயத்தோடு பார்த்தது, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து முட்டுக்கட்டை போடுபவர்களை. அந்த நினைவில்தான் அவளிடம் கேட்டேன்: "எங்கள் ஊர்த் தேர் உன் தேரைப் போலப் பல மடங்கு பெரியது. ஓடுகிற தேரின் வடத்தை எல்லோரும் சட்டென்று விட்டுவிட்டால் சக்கரத்துக்கு முன்னால் நீ நிற்பாயா?" அவள் யோசிக்காமல் "மாட்டேன்" என்றாள். ஏன்? "அது வந்துகொண்டேயிருக்கும்." யார் இழுக்கிறார்கள்? கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தானாகவே சொன்னாள்: "யாரும் இழுக்கவில்லை. அது பாட்டுக்கு வரும். கட்டைதான் அதை நிறுத்தும்."

இது முதல் விதிதானே! இந்த அறிவும் அவளிடம் முன்பே இருந்திருக்கிறது. கல்வி ஆய்வாளர் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா 1993இல் விரிவாக எழுதியது இதைத்தான்: மாணவர் மனதில் இருப்பது முழுமையான ஒரு தவறான கோட்பாடு அல்ல, அனுபவத்திலிருந்து சேர்ந்த சின்னச் சின்னத் துண்டுகள், எந்தச் சூழலில் எந்தத் துண்டு மேலே வருகிறது என்பதில்தான் விஷயம். வேறு ஆய்வாளர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். என் வகுப்பில் நான் பார்ப்பது டிசெஸ்ஸா சொன்னதோடு ஒத்துப்போகிறது.

மொழிக்கும் இதில் பங்கு உண்டு. நம் வீடுகளில் "குழாயில் தண்ணி ஃபோர்ஸா வருது" என்கிறோம். பந்து ஃபோர்ஸா வந்து அடித்தது என்கிறோம். ஃபோர்ஸ் என்பது ஓடுகிற பொருளுக்குள்ளேயே இருக்கும் சரக்கு என்றுதான் நாக்கு சொல்கிறது. ஜூலு பேசும் ஒரு மாணவர் சொன்னார்: அவர்கள் வீட்டில் விசை, ஆற்றல், திறன் மூன்றுக்கும் 'அமண்ட்லா'தான். ஆகவே ஏறும் பந்துக்குள் ஏதோ மிச்சம் இருக்கிறது, அது தீர்ந்ததும் பந்து இறங்குகிறது என்று பதினெட்டு வயதில் ஒருவர் நினைத்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் தத்துவ அறிஞர் ஃபிலோபோனஸும், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தத்துவ அறிஞர் பூரிடானும் ஏறக்குறைய இதையே நினைத்தார்கள். நியூட்டனின் நூல் வந்தது 1687இல். அத்தனை நூற்றாண்டுத் தூரத்தை நாம் ஐம்பது நிமிட வகுப்பில் கடக்கச் சொல்கிறோம்.

ஆசிரியர்கள் கூடும் இடத்தில் "இந்த வருடப் பிள்ளைகளுக்கு அடிப்படையே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆய்வகம் இல்லாத பள்ளிகள் இங்கே நிறைய, மறுக்கவில்லை. ஆனால் இந்த அம்பு ஏழைப் பள்ளியில் மட்டும் முளைப்பதல்ல. 1979இல் லாரன்ஸ் வியன்னோ பிரெஞ்சு மாணவர்களிடம் இதையே கண்டார். 1982இல் ஜான் கிளெமென்ட் மாசசூசெட்ஸ் பொறியியல் மாணவர்களிடம் நாணயத்தை மேலே சுண்டும் கேள்வியைக் கேட்டார். பெரும்பாலோர் அதே மேல் அம்பைப் போட்டார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸுர் இப்படிப்பட்ட தேர்வு ஒன்றைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுத வேண்டுமா, நான் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று கேட்டாராம். அந்தக் கேள்வியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தேர்வுக்கு ஒரு இயற்பியல், தெருவுக்கு ஒரு இயற்பியல்.

இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே நடந்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். 1990களின் கடைசியில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் சாலி ஆலி, ஆண்டி பஃப்லர் முதலியோர் முதலாம் ஆண்டு மாணவர்கள் அளவீட்டை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். சரிவில் உருண்டு மேசையை விட்டுப் பறந்து விழும் பந்து எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று அளக்கும் சோதனை அது. ஒரு தடவை கவனமாக அளந்தால் போதும், அதுதான் உண்மையான எண் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அதுவும் நியாயம்தான், ஜவுளிக்கடையில் துணியைப் பத்துத் தடவை அளந்து சராசரியா எடுக்கிறோம்?

என் கருத்து இதுதான்: சூத்திரம் எழுதுவதற்கு முன் அவர்கள் நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல விட வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட வேண்டும். நேரம் வீணாகும் என்பார்கள். 1998இல் ரிச்சர்ட் ஹேக் 62 பாடவகுப்புகளில் படித்த 6,542 மாணவர்களின் தேர்வுகளைத் தொகுத்தார். வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில், கற்றுக்கொள்ள மீதமிருந்ததில் சராசரியாக 23 விழுக்காடுதான் கைவந்திருந்தது. பேசவும் செய்து பார்க்கவும் இடம் கொடுத்த வகுப்புகளில் 48 விழுக்காடு. இதற்கு மேலும் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தேர் இழுத்த அந்த மாணவி, பந்துக் கேள்விக்கு வரைந்த தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மேல் அம்பை அழிக்கவில்லை. பந்தின் மேலிருந்து நகர்த்தி, பக்கத்தில் தனியாக வரைந்து, 'வேகம்' என்று பெயர் போட்டாள். இரண்டு வாரம் கழித்து, வழுக்குப் பனிக்கட்டியில் போகும் வட்டு பற்றிய கணக்கில் அதே அம்பு திரும்ப வந்துவிட்டது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "வடத்தை விட்டாயிற்று. இப்போது யார் இழுக்கிறார்கள்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அழிப்பானை எடுத்தாள்.