சவுண்ட் ட்ரான்சிட் வரியை நான் எதிர்ப்பது ஏன்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் வட்டாரத்தின் பொதுப் போக்குவரத்து அமைப்பான சவுண்ட் ட்ரான்சிட் வசூலிக்கும் லைட் ரயில் (நகர மின்ரயில்) விரிவாக்க வரியை எதிர்ப்பவர்களைப் பொதுப் போக்குவரத்தின் எதிரிகளாகவே நம் தமிழ் நண்பர்கள் பலரும் எண்ணிவிடுகிறார்கள். மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் பயணம் செய்து வளர்ந்த எனக்கு ரயில் மீது எந்தப் பகையும் இல்லை. வரியை இன்றே முழுமையாக வசூலித்துக்கொண்டு, பாதை எப்போது வரும், எவ்வளவு செலவில் வரும் என்பதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விட்டிருக்கும் ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறேன்.

2016 நவம்பரில் கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் கவுண்டிகளின் (மாவட்டங்களின்) நகர்ப்புற வாக்காளர்கள் முன் வைக்கப்பட்ட எஸ்.டி.3 (சவுண்ட் ட்ரான்சிட் 3) என்ற விரிவாக்கத் திட்டத்தின் மதிப்பு 54 பில்லியன் டாலர். 62 மைல் புதிய லைட் ரயில் பாதையை 25 ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னார்கள். பியர்ஸ் கவுண்டியில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். மூன்று கவுண்டிகளின் வாக்குகளும் ஒன்றாக எண்ணப்பட்டதால் அவர்களும் வரி கட்டுகிறார்கள்.

அந்த வரி மூன்று வழிகளில் வருகிறது. விற்பனை வரியில் கூடுதலாக அரை சதவீதம். சொத்து மதிப்பில் ஒவ்வொரு ஆயிரம் டாலருக்கும் 25 சென்ட். காரின் ஆண்டுப் பதிவில் ஏற்கெனவே இருந்த 0.3 சதவீதத்தின் மேல் 0.8 சதவீதம். 20,000 டாலர் என மதிப்பிடப்படும் காருக்கு இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 220 டாலர் ஆகிறது. அந்த மதிப்பீடும் 1990களின் அட்டவணைப்படி நடப்பதால், சில ஆண்டுகளே ஓடிய காருக்குச் சந்தை விலையைவிட அதிகத் தொகை கணக்கிடப்படுகிறது. இரவுப் பணிக்குத் தெற்குப் புறநகரான கென்ட்டிலிருந்து காரில் போயே தீர வேண்டிய கிடங்குத் தொழிலாளி இதைக் கட்டுகிறார். பங்குச் சந்தை வருமானத்தில் வாழ்பவருக்கோ இது ஒரு பொருட்டே இல்லை.

வரி 2017 முதல் தவறாமல் வசூலாகிறது; தவறியவை காலக்கெடுகள்தான். 2021 ஆகஸ்டில் சவுண்ட் ட்ரான்சிட்டை நிர்வகிக்கும் வாரியம் அட்டவணையைத் திருத்தியபோது, கிழக்குப் புறநகரான இசக்குவாவுக்கு 2041-இல் வர வேண்டிய பாதை 2044-க்குத் தள்ளப்பட்டது. ஐம்பது வயதில் இந்த வரியைக் கட்டத் தொடங்கிய இசக்குவாவாசிக்கு அப்போது 77 வயதாகியிருக்கும். மேற்கு சியாட்டில் பாதைக்கு 4 பில்லியன் டாலர் போதும் என்று சொல்லப்பட்டு வந்தது. 2024-இல் அந்த மதிப்பீடு ஏறத்தாழ 7 பில்லியனைத் தொட்டது. இவ்வளவு மாறிய பிறகும், இந்த விலைக்கு இது வேண்டுமா என்று வாக்காளர்களிடம் யாரும் திரும்பிக் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கட்டாயமும் வாரியத்துக்கு இல்லை என்பதே என் பெரிய கவலை. வாரியத்தின் 18 உறுப்பினர்களில் 17 பேர் கவுண்டி, நகராட்சிப் பொறுப்புகளில் இருப்பவர்கள். இன்னொருவர் மாநிலப் போக்குவரத்துத் துறைச் செயலர். இந்த வாரியத்துக்கென்று மக்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கார் கட்டணத்தை 30 டாலராகக் குறைக்க 2019-இல் மாநில மக்கள் ஆதரித்த ஐ-976 என்ற மக்கள் முன்மொழிவுச் சட்டத்தையும், அதன் வாக்குச்சீட்டு வாசகம் தவறான பொருள் தந்தது உள்ளிட்ட காரணங்களால், மாநில உச்ச நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்துவிட்டது.

வாரிய உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பாதையின் செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதை மீண்டும் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். அதுவரை அந்தப் பணத்தில் பேருந்துகளைக் கூட்ட வேண்டும். இந்த மூன்றையும் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமாக்க முன்வரும் வேட்பாளர் எந்தக் கட்சியில் இருந்தாலும் என் வாக்கு அவருக்கே.