முதலில் மணிக்கணக்கைச் சொல்லிக்கொடுங்கள்

வளரும் பிள்ளைகளிடம் பாலியல் நலம் பற்றிப் பேசலாமா கூடாதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இப்படிச் சொல்லித்தருவதால் பிள்ளைகள் சீக்கிரமே உடலுறவில் இறங்கிவிடுவதில்லை என்கிறது. சரி, பேசுகிறோம். எதைப் பேசுகிறோம்? படம் போட்டுப் பாகம் குறிக்கிறோம். ஒழுக்கமாக இரு என்கிறோம். எதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

பையன்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தப் பேச்சில் அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விதைக்கு (விரைக்கு) ரத்தம் கொண்டுபோகும் நாளம் முறுக்கிக்கொள்வது பதின்ம வயதில் அதிகம் வரக்கூடிய ஒன்று. திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, வாந்தி, சிலருக்கு அடிவயிற்றிலும் வலி. சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குமேல் தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்பு குறையும். பையன் என்ன செய்வான்? 'வயிறு வலிக்குது' என்பான். அந்த இடத்தைச் சொல்ல வாய் வராது. ராத்திரி என்றால் விடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். இதில் ஒழுக்கம் எங்கே வந்தது? அவன் யாரையும் ஏறெடுத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

பெண் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிட்டாலோ, வந்துகொண்டிருந்தது 3 மாதம் நின்றுபோனாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வகுப்புக்கே போக முடியாத அளவு வலியை 'எல்லாருக்கும் இருக்கிறதுதான்' என்று மூடிவைப்பது எனக்கு எரிச்சலூட்டும் பழக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி எச்.பி.வி.; அதன் தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகச் சொல்வது 9 முதல் 14 வயதுப் பெண்களை. கிருமி உடம்பில் நுழையும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். அந்த வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமாக எனக்குப் பதில் தெரியாது.

பாதுகாப்பில்லாத உறவோ, கிழிந்த ஆணுறையோ, வன்முறையோ நடந்துவிட்டால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளியாவதை அது தள்ளிப்போடும், உண்டாகிவிட்ட கருவைக் கலைக்காது. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கிளமிடியா மாதிரியான பால்வினைத் தொற்றுகள் பலருக்கு அறிகுறியே காட்டாது. பரிசோதனை மட்டும்தான் வழி.

இப்படி ஒரு பிள்ளை தைரியம் திரட்டி வந்து நிற்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, 'உனக்கு அங்கே என்ன வேலை?' கேட்க வேண்டியது, 'எத்தனை மணி நேரம் ஆச்சு?' மற்ற விசாரணையெல்லாம் மருந்து உள்ளே போன பிறகு வைத்துக்கொள்ளலாம். வன்முறை என்றால் முதல் கேள்வியை எப்போதுமே கேட்கக் கூடாது.

அப்புறம் மருத்துவர் அறை. பாதி நேரம் பிள்ளைக்குப் பதில் நாம்தான் பேசுகிறோம். ஐந்து நிமிடமாவது வெளியே போய் உட்காருவோம். நாம் பக்கத்தில் இருக்கும்வரை, எங்கே வலிக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பையன் வயிற்றைத்தான் காட்டுவான்.