புச்னெரோவை நீக்கியது துரோகமா?

ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கேட்டலோனியாவின் பேச்சு வந்தாலே "அதிபர் அரகொனேஸ் இரவோடு இரவாகத் துணை அதிபர் புச்னெரோவைத் தூக்கினார், கூட்டணி உடைந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். நேற்றும் அதேதான். விவரம் தெரிந்தவர்களே அதைப் பகிர்ந்ததுதான் அதிகம் வலிக்கிறது. நீக்கியது துரோகம் அல்ல. மறைத்ததுதான் துரோகம்.

2022 செப்டம்பர் 27, கேட்டலோனிய நாடாளுமன்றத்தில் பொதுக்கொள்கை விவாதம். அப்போது ஆளும் கூட்டணியிலேயே இருந்த ஜுன்ட்ஸ் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் எழுந்து, தங்கள் நிபந்தனைகள் நிறைவேறாவிட்டால் அதிபர் நம்பிக்கை வாக்குக் கோர வேண்டும் என்கிறார். இது வரப்போவது அதே ஜுன்ட்ஸைச் சேர்ந்த துணை அதிபர் புச்னெரோவுக்குத் தெரியும், தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அரகொனேஸ் சொன்ன காரணம். மறுநாள் இரவு நீக்கினார். எதிர்க்கட்சி கேட்டால் அது அரசியல். அமைச்சரவையில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வாய் திறக்காமல் இருந்தால், உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்றுதான் நான் சொல்வேன்.

"கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே" என்பீர்கள். பேசாமலா இருந்தார்கள்? 2021 தேர்தலில் அரகொனேஸின் எஸ்கெர்ரா கட்சிக்கு 33 இடம், ஜுன்ட்ஸுக்கு 32. மார்ச்சில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் அரகொனேஸ் இரண்டு முறை தோற்றார். முதல் வாக்கெடுப்பிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அதிபர் அமையாவிட்டால் அவை தானாகக் கலையும். கெடு மே 26. எஸ்கெர்ரா, ஜுன்ட்ஸ் ஒப்பந்தம் வந்தது மே 17-ல்! கூப் கட்சியின் 9 சேர்ந்து மே 21-ல் 74 வாக்கு. 14 துறைகளை ஆளுக்கு ஏழு என்று பிரித்தார்கள். நிதி, சுகாதாரம், நீதி எல்லாம் ஜுன்ட்ஸ் கையில். நான்கு மாதத்திலேயே மத்ரித்தில் உள்ள ஸ்பெயின் அரசுடனான பேச்சுவார்த்தை மேசைக்கு அமைச்சரவைக்கு வெளியே இருந்தவர்களை ஜுன்ட்ஸ் நியமித்தது, அரகொனேஸ் ஏற்கவில்லை, எஸ்கெர்ரா மட்டும் போனது. விரிசல் அங்கேயே விழுந்துவிட்டது. துறை பிரிப்பதில் காட்டிய கவனத்தில் பாதியை, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதில் காட்டியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஜுன்ட்ஸ் போன பிறகு "33 இடத்தோடு எப்படி ஆளலாம்?" என்று கேட்கிறவர்கள் சட்டத்தைப் பாருங்கள். நம்பிக்கை வாக்குக் கோரும் உரிமை அதிபருக்கு மட்டுமே. அவரை இறக்க வேண்டுமென்றால் மாற்று வேட்பாளர் பெயரோடு தீர்மானம் கொண்டுவந்து 135-ல் 68 வாக்கு வாங்க வேண்டும். அப்படி ஒரு பெயர் யாரிடமும் இல்லை. 2023 பட்ஜெட்டும் வெளியே இருந்த சோசலிஸ்ட், கொமுன்ஸ் கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. சட்டவிரோதம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. வெளியேறியது ஜுன்ட்ஸ். 2022 அக்டோபரில் அவர்கள் உறுப்பினர்களே வாக்களித்தார்கள்: வெளியேற 55.73 சதவீதம், தொடர 42.39. தங்கள் கட்சியிலேயே இவ்வளவு பேர் இருக்க விரும்பியதை ஏன் ஒருவரும் எழுதுவதில்லை? காலியான இடங்களுக்கு, சோசலிஸ்ட் கட்சியில் இருந்த நதால், பழைய கோன்வெர்ஜென்சியா கட்சியின் கம்புசானோ, போதெம் கட்சியில் இருந்த உபசார்ட் ஆகியோரை அரகொனேஸ் அழைத்து வந்தார். பல முகாம்களிலிருந்து ஆள் சேர்த்தவரைப் பார்த்தா "ஒற்றைக்கட்சி வெறி" என்கிறீர்கள்?

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவே இல்லை. 2024 பட்ஜெட் அவர் தவறு. ஹார்ட் ராக் சூதாட்ட விடுதித் திட்டத்தைக் கைவிடாமல் கொமுன்ஸ் பட்ஜெட்டை ஏற்காது என்று தெரிந்தும் வாக்கெடுப்புக்குப் போனார். மார்ச் 13-ல் 67-க்கு 68 என்று தோற்று, அன்றே தேர்தலை அறிவித்தார். பழைய பட்ஜெட்டை நீட்டித்து ஓட்டியிருக்கலாம். அந்த அவசரம் எஸ்கெர்ராவை 33-லிருந்து 20-க்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டில் சோசலிஸ்ட் இய்யா அதிபரானது அந்த 20 பேரின் வாக்கும் சேர்ந்துதான். திட்ட வேண்டுமென்றால் அந்த மார்ச் முடிவுக்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். செப்டம்பர் 28-க்காக அல்ல.