எட்டாவது ஆளுக்குக் கிடைக்கும் எட்டு நிமிடம்

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனை ஏன் இறக்கவில்லை என்று கோச்சைத் திட்டாத கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர் அமெரிக்காவில் ஒருவர்கூட இருக்க மாட்டார். நானும் பல வருஷம் திட்டியவன்தான். இந்த சீசன் தொடங்கிய நவம்பரிலிருந்து ஒரே ஒரு பையனை மட்டும் கூர்ந்து கவனித்துக்கொண்டு வந்ததில் என் எண்ணம் பாதி மாறிவிட்டது. மீதிப் பாதியில் கோச்சுகள் மேல் எனக்கு இருந்த கோபம் அப்படியே இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆண்கள் ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, மொத்தம் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர். அப்படியென்றால் ஒரு கோச்சின் கையில் இருப்பது 200 நிமிடம். தொடக்க ஐவருக்குத் தலா 32 கொடுத்தால் 160 போய்விடும். மிச்சம் 40. ஆறாவது ஆள் கெட்டிக்காரன் என்றால் அவனே 20 எடுத்துக்கொள்வான், ஏழாவது ஆளுக்கு 12. எட்டாவது ஆளுக்கு வந்து சேர்வது 8 நிமிடம். அதுவும் சேர்ந்தாற்போல் வராது. முதல் பாதியில் நாலு, இரண்டாம் பாதியில் நாலு. அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவுமே இல்லை. "நல்ல பையன், கொஞ்சம் நேரம் கொடுங்களேன்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாரிடமிருந்து பிடுங்கிக் கொடுப்பது என்று சொல்வதில்லை.

நான் சொல்லும் பையன் இரண்டாம் ஆண்டு மாணவன், கார்டு, அதாவது கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரன். எங்கள் இருக்கைகள் பெஞ்சுக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசை என்பதால் அவன் முதுகை ஆடும் நேரத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். நவம்பரில் ஓர் ஆட்டம். அவன் உள்ளே போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்து எதிர்ப்பக்கம் இருந்தது, அவன் கண்ணும் பந்தோடு போய்விட்டது. அவன் காவல் காக்க வேண்டிய ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போய் சுலபமாகக் கூடையில் போட்டுவிட்டான். அடுத்த நிறுத்தத்திலேயே ஆள் மாற்றும் ஹார்ன். வெளியே வந்து உட்கார்ந்தவன், தரையில் விரலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே நான், அங்கே பந்து, அவன் இப்படிப் போனான். மூன்று முறை போட்டான். அன்று அவன் மறுபடி உள்ளே போகவில்லை.

அதற்கு முந்தைய ஆட்டம் அவர்கள் 30 புள்ளிக்கு மேல் ஜெயித்த ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் அவன் ஆடினான், மூன்று புள்ளி வீச்சுகள் இரண்டைப் போட்டான், அரங்கமே கத்தியது. "பாருங்கள், இவனால் போட முடிகிறதே, ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று நானும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவு தவறான கேள்வி என்று தெரிகிறது. ஆட்டம் முடிந்துபோன பிறகு ஆடும் நேரத்தில் எதிரணி யாரையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அந்தப் புள்ளிகளை வைத்து கோச் ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது இவனை உள்ளே விட்டால், இவன் வெளியே வரும்போது அந்த மூன்று புள்ளி இருக்குமா?

ஜனவரியில் அதற்குப் பதில் கிடைத்தது. முதல் பாதியில் 11 நிமிடம் மீதி. தொடக்க ஐவரில் இருக்கும் கார்டுக்கு இரண்டாவது ஃபவுல். கல்லூரி ஆட்டத்தில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும் என்பதால், முதல் பாதியிலேயே இரண்டு வாங்கியவனை இடைவேளை வரை உட்கார வைத்துவிடுவது பெரும்பாலான கோச்சுகளின் வழக்கம். எட்டாவது ஆளுக்கு வாசல் திறப்பது பெரும்பாலும் இப்படித்தான். கோச் திரும்பிப் பார்ப்பதற்குள் இவன் வார்ம்-அப் சட்டையைக் கழற்றிவிட்டான். ஸ்கோரர் மேசைக்கு ஓடி ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். ஹார்ன் அடித்தது.

நாலரை நிமிடம் ஆடினான். ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்து வீசவில்லை. ஆனால் எதிரணியின் சிறந்த கார்டு ஸ்க்ரீனை, அதாவது வழிமறித்து நிற்கும் தன் அணி ஆளின் உடம்பை, பயன்படுத்தி வர வர, இவன் அந்த உடம்பைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி முன்னால் நின்றான். வீசியாக வேண்டிய 30 வினாடிக் கடிகாரத்தில் ஏழு எட்டுதான் மிச்சம் என்னும்போது அந்த எதிரணி கார்டு பந்தை வேறொருவனிடம் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அந்த இன்னொருவன் அவசரத்தில் வீசித் தவறவிட்டான். இவனைவிட ஒரு தலை உயரமானவனை இவன் இடுப்பால் அண்டக் கொடுத்துப் பின்னால் தள்ளி நிறுத்த, தவறித் திரும்பிய பந்தை (ரீபவுண்டை) எடுத்தவன் சக ஆட்டக்காரன். இன்னொரு முறை எதிரணி கோச் விரலைக் காட்டி ஏதோ சொன்னதும், இவன் தன் ஆளை விட்டுவிடாமல் திரும்பி, மூலையில் நின்ற தன் தோழனைப் பார்த்துக் கையை வீசிக் கத்தினான். அங்கேதான் பந்து வந்தது. வந்த இடத்தில் தோழன் இருந்தான்.

மறுநாள் புள்ளிப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஒரு ஃபவுல், மற்றதெல்லாம் பூஜ்யம். உள்ளே போனபோது முன்னிலை மூன்று, வெளியே வந்தபோது ஐந்து. அடுத்த ஆட்டத்தில் 9 நிமிடம் கிடைத்தது. இரண்டு வாரத்தில் 13.

என் எண்ணம் பாதி மாறியது அந்த இரண்டு வாரத்தில்தான். பெஞ்சிலிருந்து வருபவனுக்கு நிமிடம் சம்பாதித்துக் கொடுப்பது புள்ளி இல்லை, உள்ளே அவன் இருக்கும்போது எதுவும் உடையவில்லை என்பது. தடுப்பாட்டத்தில் தன் இடம் தெரிவது, பந்தை வீணாக இழக்காதது, மற்றவர் இடமும் சேர்த்துத் தெரிந்து வைத்திருப்பது. ஷூட்டிங் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இவை தினமும் வர வேண்டியவை. கோச் நம்புவது தினமும் வருவதைத்தான்.

இதெல்லாம் ஆட்ட நாளில் முளைப்பதும் இல்லை. வில்லனோவா பல்கலைக்கழக அணியின் டான்டே டிவின்சென்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது அவர் காலில் எலும்பு முறிவால் சீசனை இழந்து, சாதாரண உடையில் பெஞ்சில் இருந்தவர். ஆனால் அரையிறுதிக்கு முந்தைய பயிற்சியில் ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் போல ஆடிக்காட்டும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வருஷம் நாட்டிலேயே பெரிய ஸ்கோரர்களில் ஒருவர் ஹீல்ட். பயிற்சியில் நகலோடு மோதிப் பழகிய வில்லனோவா, அரையிறுதியில் அசல் ஆளை 9 புள்ளிக்குள் நிறுத்தி 95–51 என்று ஜெயித்தது. டிவின்சென்சோ அன்று ஒரு வினாடிகூட ஆடவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2018 ஏப்ரல் 2-ஆம் தேதி, சான் அன்டோனியோவில் மிச்சிகனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளி எடுத்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. எல்லோரும் அந்த 31-ஐப் பேசுகிறார்கள். யாரும் பார்க்காத ஜிம்மில் இன்னொருவரைப் போல ஆடிக்காட்டிய அந்த நாட்களைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தோன்றுகிறது.

அதேபோல 2015-இல் பட்டம் வென்ற டியூக் பல்கலைக்கழக அணி. நடு சீசனில் ஒருவரை நீக்கியதில் உதவித்தொகை ஆட்டக்காரர்கள் எட்டே பேர்தான் மிச்சம். முதலாண்டு மாணவர் கிரேசன் ஆலன் சராசரியாக ஆட்டத்துக்கு நாலு புள்ளி சொச்சம் எடுத்தவர். விஸ்கான்சினுக்கு எதிரான இறுதியில், இரண்டாம் பாதியில் டியூக் 9 புள்ளி பின்தங்கி, முக்கிய ஆட்டக்காரர்கள் ஃபவுல் சிக்கலில் மாட்டியிருந்த நேரத்தில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் அவர். 16 புள்ளி எடுத்தார், டியூக் 68–63 என்று ஜெயித்தது. சீசன் முழுக்கப் பெஞ்சில் இருந்த ஒருவர் அந்தக் கட்டத்தில் தயாராக இருந்தார் என்பதைச் சும்மா அதிர்ஷ்டம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சரி, இப்போது கோச்சுகள் மேல் உள்ள கோபம்.

எட்டாவது ஆளை உள்ளே அனுப்பி, முதல் தவறிலேயே ஹார்ன் அடித்து வெளியே இழுக்கும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தொடக்க ஐவரில் ஒருவன் மூன்று டர்ன்ஓவர் செய்து, அதாவது பந்தை எதிரணியிடம் இழந்து, விட்டாலும் நிற்கிறான், இவன் ஒன்று செய்தால் பெஞ்ச். விளைவு என்ன? உள்ளே வருபவன் தோளுக்கு மேலே திரும்பித் திரும்பி கோச்சைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறான். திறந்த வெளியில் பந்து வந்தாலும் வீச மாட்டான், பக்கத்தில் தள்ளிவிடுவான். அவனைக் காக்க வேண்டிய எதிரணி ஆள் அவனை விட்டுவிட்டு உள்ளே போய் நின்றுகொள்வான். அப்புறம் நாலு பேர் ஐந்து பேரோடு ஆடுகிற கதைதான். "பையனுக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று அவன் மேலேயே பழி வரும். தன்னம்பிக்கையை எடுத்தது யார்?

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை கோச்சாக இருந்த டீன் ஸ்மித் இதில் வேறு மாதிரி யோசித்தவர். முதல் பாதியில் பெஞ்ச் ஆட்டக்காரர்கள் ஐந்து பேரை மொத்தமாக உள்ளே அனுப்புவார். அவர்களுக்கு 'ப்ளூ டீம்' என்று பெயர். களத்தில் இருப்பவன் களைத்துப்போனால் முஷ்டியை உயர்த்திக் காட்டி வெளியே வரலாம், மூச்சு திரும்பியதும் தானே உள்ளே போகக் கேட்கலாம். இதில் எனக்குப் பிடித்தது, பெஞ்சில் இருப்பவனுக்குத் தன் முறை வரும் என்று முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். தெரிந்தால் உடம்பும் மனசும் அதற்கேற்பத் தயாராகும். அதே வட கரோலினாவில், வேறொரு கோச்சின் காலத்தில், மார்வின் வில்லியம்ஸ் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இல்லாமல் 2005-இல் பட்டம் வென்றார். அந்த வருஷம் தொழில்முறை லீகான என்பிஏ ஆள் எடுக்கும் தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டார்.

இன்றைக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல். 2021-இல் ஒரு முறை மாறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம் என்றார்கள். 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பெயர் கொடுக்கிறார்கள். விட்டுப் போகும் பையன்களைத் திட்டுவோரோடு நான் சேர மாட்டேன். நாலு வருஷம்தான் அவர்களுக்கு இருக்கிறது, ஆட வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் நவம்பரில் முதுகுக்குப் பின்னால் ஆளைத் தவறவிட்டவன் ஜனவரியில் மூலையைக் காட்டிக் கத்தும் அளவுக்கு வளர, ஒரே கோச்சின் ஏற்பாட்டுக்குள் மாதக்கணக்கில் இருந்தாக வேண்டும். புது இடத்துக்குப் போனால் அந்தப் பாடம் முதலிலிருந்து தொடங்கும். அவனை வைத்திருக்க நினைக்கும் கோச், நிமிடம் ஏறும் வழி இதுதான் என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் "பொறுமையாக இரு" என்று மட்டும் சொன்னால் எந்தப் பையன் இருப்பான்?

பிப்ரவரி கடைசியில் ஓர் ஆட்டம். ஏழு நிமிடம் மீதி, ஒரு புள்ளிதான் வித்தியாசம், நம் பையன் களத்தில். எதிர்ப்பக்கம் வெட்டி ஓடியவனுக்கு அவன் அனுப்பிய பாஸ் கைக்கு எட்டாமல் எல்லைக்கு வெளியே எங்கள் வரிசைக்கு வந்து விழுந்தது. மோசமான பாஸ். விசில் ஊதியதும் அவன் முதலில் பார்த்தது பெஞ்சைத்தான். ஸ்கோரர் மேசைக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தான். யாரும் எழவில்லை. கோச் கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி, மோவாயை மட்டும் அசைத்து மறுபக்கத்தைக் காட்டினார். அவன் திரும்பி ஓடித் தன் ஆளுக்கு முன்னால் போய் நின்றான். அடுத்து ஒரு முறை மூலையில் தனியாகப் பந்து வந்தபோது தயங்காமல் வீசினான். அது உள்ளே போகவில்லை. ஆட்டம் முடியும் வரை அவன் களத்தில்தான் இருந்தான்.