ஆமென் சொன்னவர்களுக்கு

அந்த வீடியோவைப் பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை என்று ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

வெள்ளத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் இன்னும் முகாமில் கிடக்கிறார்கள். இங்கே அந்த வீடியோவில் ஒருவர் மேடையில் நின்று, இது அந்த ஜனங்களின் அக்கிரமத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று முழங்குகிறார். கீழே கைதட்டல், ஆமென், அல்லேலூயா. பேசியவர் மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை. நியாயத்தீர்ப்பு என்று கேட்டால் நடுங்க வேண்டியவர்கள் எதற்கு ஐயா கைதட்டுகிறீர்கள்?

பைபிளில் லூக்கா 13-ஐ எடுத்துப் பாருங்கள். ரோம ஆளுநர் பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சிலர் வந்து இயேசுவிடம் சொல்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் அவரே பேச்சில் இழுத்து, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். பிறகு சொல்கிறார்: "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன், நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்." செத்தவர்களின் பாவப் பட்டியலை அவர் வாசிக்கவில்லை. எச்சரிக்கை முழுவதும் எதிரே உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்?

"தீர்க்கதரிசிகள் பிற ஜாதிகளை, அதாவது பிற நாட்டு ஜனங்களைக் கண்டிக்கவில்லையா?" என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். கண்டித்தார்கள். ஆமோஸ் தீர்க்கதரிசியை வாசியுங்கள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று ஒவ்வொரு அண்டை நாட்டுக்கும் அடி விழுகிறது. கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலர் அதுவரை உற்சாகமாக ஆமென் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்து யூதா. அதற்கும் அடுத்து அவர்களேதான், அதுவும் எல்லாரையும்விட நீளமாக. ஏழையை ஒரு ஜோடு செருப்புக்காக விற்ற கணக்கெல்லாம் வெளியே வருகிறது. நம் மேடைகளில் மோவாபோடு நேரம் முடிந்துவிடுகிறது. பிறகு காணிக்கை.

நினிவே நகரமும் அப்படித்தான். நாற்பது நாளில் கவிழும் என்று தீர்க்கதரிசி யோனா சொன்னதும் ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். பக்கத்து ஊர்க்காரனுக்கு அந்தச் செய்தியை ஃபார்வர்டு செய்யவில்லை. அவனவன் தன் கையிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பட்டும் என்று கட்டளை போட்டான். உபவாசமும் இரட்டுத் துணியும் இருந்தன, ஆனால் தேவன் பார்த்தது அவர்கள் பொல்லாத வழியை விட்டுத் திரும்பினதை என்றுதான் எழுதியிருக்கிறது. ஊர் பிழைத்ததில் கடுப்பானவர் ஒருவர்தான், பிரசங்கம் பண்ணினவர்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர் என் அப்பாவிடம் கடன் வாங்கியவர். அப்பா தன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும் இவர் முன்னால் போய் முழங்கால் போட்டு அழுவார். பார்த்தால் நமக்கே கண் கலங்கும். அப்பா படுத்த படுக்கையாகி, மருந்துக்காவது கொஞ்சம் கொடுங்கள் என்று நான் போய்க் கேட்டபோது, "கர்த்தர் எனக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் தம்பி, நீயும் மன்னிக்கக் கற்றுக்கொள்" என்றார். அப்பா போய்விட்டார். பணம் வரவில்லை. "கடைசி நாட்கள், ஜாக்கிரதை" என்று மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறது.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு அழுததாக வேதத்தில் இல்லை. பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாய், நான்கு மடங்காய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். அந்த வீட்டுக்குத்தான் இன்றைக்கு இரட்சிப்பு வந்தது என்றார் ஆண்டவர். நான் நாலத்தனை கேட்கவில்லை. வாங்கியதைக் கொடுத்தால் போதும்.

உடனே எபேசியர் 2:8 வரும் என்று தெரியும். கிருபையினால் இரட்சிப்பு, கிரியையினால் அல்ல. ஒப்புக்கொள்கிறேன், நானும் அதை நம்பித்தான் இருக்கிறேன். ஆனால் பத்தாம் வசனம் வரைக்கும் வாசித்தால் என்ன? நற்கிரியைகளைச் செய்வதற்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று பவுல்தான் அங்கே எழுதுகிறார். கடனை அடைத்தால் கிருபை குறைந்துவிடுமா?

"நீயும் நியாயந்தீர்க்கிறாயே" என்பது அடுத்தது. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே மூச்சில் அக்கிரமக்காரர் என்று மைக்கில் சொன்னால் அது அபிஷேகம், கொடுத்த பணத்தைக் கேட்டால் அது நியாயந்தீர்ப்பு. நல்லது.

சபை விஷயத்தை வெளியே எழுதலாமா என்று கேட்கிற பெரியவர்களுக்கும் ஒன்று. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆசியாவின் ஏழு சபைகளுக்கும் செய்தி போகிறது. ஐந்து சபைகளிடம் மனந்திரும்பு என்று ஆண்டவரே சொல்கிறார், பெயரோடு, குறையோடு. சர்தை செத்திருக்கிறது, லவோதிக்கேயா வெதுவெதுப்பாயிருக்கிறது என்று உலகமே இன்றுவரை வாசிக்கிறது. நான் யார் பெயரையாவது எழுதினேனா? எந்தச் சபை என்றாவது சொன்னேனா? தன்னைத்தான் சொல்கிறேன் என்று யாருக்காவது தோன்றினால் அவருக்கு அம்மாவின் வீடு தெரியும். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.