அந்தப் பெண் சொன்னதுதான் சரி

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் அதுதான் சுற்றுகிறது. எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டு. அதனால் முழுக்கதை வேண்டாம். அரசுத் தேர்வுப் பயிற்சி வகுப்பு எடுப்பவர் “இந்தியாவின் தேசிய மொழி எது?” என்று கேட்கிறார். வகுப்பே “இந்தி” என்கிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “சார், இந்தியாவுக்குத் தேசிய மொழின்னு ஒண்ணு கிடையாது சார்” என்கிறாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “அப்போ நீயே வந்து கிளாஸ் எடும்மா” என்கிறார். அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். அவள் உட்கார்ந்து, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே குனிந்துகொள்கிறாள்.

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அவள் சொன்னதுதான் சரி.

அரசியலமைப்பின் 343-வது பிரிவு, தேவநாகரி எழுத்திலான இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. அலுவல் மொழி, அதாவது அரசாங்கம் தன் காரியங்களை நடத்தும் மொழி. எந்த மொழியையும் இந்த நாட்டின் தேசிய மொழி என்று அரசியலமைப்பு அறிவிக்கவில்லை. 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றம் வரை இந்த விஷயம் போனது. இந்தியைத் தேசிய மொழியாக அறிவித்த சட்டப் பிரிவோ ஆணையோ எதுவும் இல்லை என்று அந்த நீதிமன்றமே சொன்னது. குஜராத்தில் தெரிந்திருக்கிறது. நம் ஊரில், மாதக்கட்டணம் வாங்கிக்கொண்டு பொது அறிவு சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரியவில்லை.

அதுவும் எந்த ஊரில்? அரசியலமைப்பு ஆங்கிலத்துக்குத் தந்த 15 ஆண்டு முடிந்து, அதற்குப் பிறகு என்ன என்ற கேள்வி 1965 ஜனவரியில் முட்டி நின்றபோது கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் இறங்கிய ஊரில். அதற்கும் முன்னால், 1930-களின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை போய்ச் செத்த இரண்டு பேரின் பெயரில் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை நிற்கிறது. அந்த வழியாகப் பஸ்ஸில் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒன்றிய அரசின் 1976-ஆம் ஆண்டு அலுவல் மொழி விதிகளைப் புரட்டிப் பாருங்கள். இந்த விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே இருக்கும். அந்த ‘நீங்கலாக’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை உயிர் இருக்கிறது என்று ஒரு வகுப்பில் ஐந்து நிமிடம் சொன்னால், எந்தப் பிள்ளையும் அந்தக் கேள்விக்குத் தப்பாக விடை எழுதாது. மனப்பாடமே தேவைப்படாது.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்டால், எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

2008-ல் நான் முதல் தடவை அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு எழுதினேன். அப்பா விசைத்தறியில் வேலை. வீட்டில் எனக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர்கள் யாரும் இல்லை. புது கைடு வாங்கக் காசில்லாமல் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளாட்பாரக் கடையில் 60 ரூபாய்க்கு ஒரு பழைய கைடு வாங்கினேன். அட்டை கிழிந்து, யாரோ பச்சை மசியில் அடிக்கோடு போட்டுப் படித்த புத்தகம். எனக்கு அது வேதம். அதில் ‘அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் – 18’ என்று இருந்தது. அடிக்கோடு வேறு. கேள்வியும் வந்தது. சந்தோஷமாக 18-க்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். அன்று அப்பா ஸ்டாண்டில் காத்திருந்தார். “எப்படிம்மா எழுதுன?” என்று கேட்டதற்கு, மொழிகள் கேள்வி வந்தது, எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் முதலில் சொன்னேன்.

விடை 22. முதலில் அட்டவணையில் 14 மொழிகள்தான் இருந்தன. 1967-ல் சிந்தி சேர்ந்தது. 1992-ல் கொங்கணி, மணிப்புரி, நேபாளி சேர்ந்து 18 ஆனது. 2003-ல் 92-வது திருத்தம் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி நான்கையும் சேர்த்தது. என் கைடு அதற்கு முந்தையது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்தத் தடவை எனக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் போனது என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் என்னைச் சுட்டது மதிப்பெண் கிடையாது. அது தப்பு என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லையே, அதுதான் சுட்டது. அந்த வீடியோவில் ஒரு ஆள் இருந்தாள். அவளைத்தான் சிரித்து உட்கார வைத்தார்கள்.

நேற்று இதைச் சுருக்கமாக ஒரு கமெண்டில் போட்டதற்கு வந்த பதில்களையும் பார்த்துவிட்டேன்.

“மேடம், விடைக்குறிப்பில் என்ன இருக்கோ அதை எழுதினாத்தான் மார்க். ஆராய்ச்சி பண்ணா வேலை கிடைக்காது.” சரி, மதிப்பெண்ணைப் பற்றியே பேசுவோம். தேர்வு முடிந்ததும் தேர்வாணையம் வெளியிடுவதன் பெயரே உத்தேச விடை. தப்பு என்று நினைத்தால் ஆதாரத்தோடு முறையீடு செய்யுங்கள் என்று கேட்பதும் தேர்வாணையம்தான். அப்படி முறையிட்டு விடைகள் மாறியும் இருக்கின்றன. தேர்வு நடத்துபவர்களே நாங்கள் தவறலாம் என்று ஒரு வழி வைத்திருக்கும்போது, வகுப்பு நடத்துபவருக்கு மட்டும் அந்த வழி ஏன் இல்லை? இன்னொன்றும் சொல்கிறேன். இப்போது ஓஎம்ஆர் தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான வட்டம். தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்க வேண்டும், விட்டுவிட்டு வரக்கூடாது. இருபது வயதுப் பிள்ளைகள் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு நடுவே ‘எனக்குத் தெரியவில்லை’ என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறார்கள். “நான் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேம்மா” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

“ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டார், பாவம்.” தவறிச் சொன்னதாகவே இருக்கட்டும். நானும் தவறியிருக்கிறேன். போன வருடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “அக்கா, கேள்வியில ‘நிலப்பரப்பின்’னு இல்லையே, அப்போ இந்திரா முனைதானே?” என்றான். அவன் சொன்னது சரி. முதன்மை நிலப்பரப்பு என்று கேட்டால் கன்னியாகுமரி. இந்தியா என்று கேட்டால் கிரேட் நிகோபார் தீவில் உள்ள இந்திரா முனை. அவனையே எழுந்து வந்து போர்டில் எழுதச் சொன்னேன். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் அந்த முனையில் தரை சில மீட்டர் அமிழ்ந்துபோனது, கரையில் இருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போனது என்று சொன்னதும் பிள்ளைகள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவரும் இனிமேல் இந்திரா முனையை மறக்க மாட்டார்கள். எனக்கு அதனால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

“எல்லாம் கூகுளில் இருக்கு, இதுக்குப் போய்…” தேர்வு அறைக்குள் கூகுள் வராது. அவ்வளவுதான் இதற்குப் பதில்.

“பொது அறிவுன்னாலே மனப்பாடம்தானே, அதுல என்ன சரி, தப்பு?” இதுதான் எனக்கு நிஜமாகவே வலித்த கமெண்ட். எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், என்னோடு சேர்ந்து படித்தவர்.

மனப்பாடமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பதில் தர வேண்டிய காலம் 30 நாள், கட்டணம் 10 ரூபாய் என்று நாம் இரண்டு பேரும்தானே மைய நூலக மாடியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் படித்தோம்? அந்த வருடம் எங்கள் தெருவில் மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்து எட்டு மாதமாகியும் தண்ணீர் ஏறவில்லை. அம்மா இரண்டு குடத்தோடு பக்கத்துத் தெருவுக்கு நடந்துகொண்டிருந்தார். போய்க் கேட்டால் “வரும், வரும்” என்பார்கள். ஒரு நாள் ராத்திரி நோட்ஸ் படிக்கும்போது எனக்குச் சட்டென்று தோன்றியது. இது எனக்காகவும் எழுதிய சட்டம்தானே? முழுத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். எத்தனை ரூபாய் ஒதுக்கீடு, எந்தத் தேதியில் வேலை முடிந்தது, மோட்டார் இணைப்பு ஏன் தரவில்லை என்று மூன்றே கேள்வி. இருபத்தாறாவது நாள் பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. அம்மா முதல் குடத்தைப் பிடித்து வாசலில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அரசு வேலைக்கான உத்தரவு வந்த நாளில்கூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

ஹாக்கி கதையும் அப்படித்தான். நம் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று எத்தனை கைடுகளில் இருக்கிறது! 2012-ல் லக்னோவில் ஒரு பள்ளிச் சிறுமி இதே சட்டத்தின் கீழ் கேட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. நாட்டில் அத்தனை பெரியவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது ஒரு சிறுமி கேட்டாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுந்த பெண்ணும் அதைத்தான் செய்தாள்.

இன்னும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. அந்தச் சிரிப்பு. அந்தப் பெண் கொஞ்சம் வேறு மாதிரி உடுத்தி, ஆங்கிலம் கலந்து அதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அந்த வகுப்பு சிரித்திருக்குமா? பின்னாலிருந்து ஒரு பையன் “எந்த ஊரும்மா?” என்று கேட்பது வீடியோவில் தெளிவாகக் காதில் விழுகிறது. அவள் பேச்சில் ஊர் வாடை இருந்தது. என் பேச்சிலும் இருந்தது. நான் முதல் முதலில் போன டெஸ்ட் பேட்ச்சில், அடிப்படை உரிமைகள் இப்போது ஆறு, ஏழாவதாக இருந்த சொத்துரிமையை 1978-ல் 44-வது திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது ‘திருத்தம்’ என்ற சொல்லை நான் உச்சரித்த விதத்துக்குச் சிரித்தார்கள். பதிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த ஐந்து மாதமும் நான் வாயே திறக்கவில்லை. தெரிந்த கேள்விக்கும் திறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவள் எழுந்து நின்றது சின்ன விஷயமில்லை.

“நீங்க வேலைக்குப் போயிட்டீங்க, பேசுவீங்க” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், போய்விட்டேன், மூன்றாவது முயற்சியில். வேலைக்குப் போனபிறகும் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறேன், ஒரு பைசா வாங்காமல். இதை விளம்பரத்துக்குச் சொல்லவில்லை. பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள், அதற்காகச் சொன்னேன்.

அந்த வகுப்பு எடுத்தவரின் பெயரையோ நிலையத்தின் பெயரையோ இங்கே யாரும் போட வேண்டாம், போட்டால் நீக்கிவிடுவேன். எனக்கு அவரோடு சண்டையில்லை. அடுத்த வகுப்பில் அதே போர்டில் 343 என்று எழுதி, அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீ சொன்னதுதான் சரிம்மா” என்று அவர் சொன்னால் போதும். அந்த வீடியோவை நான் ஏழு பேருக்கு இல்லை, எழுநூறு பேருக்கு அனுப்புவேன்.

அந்தப் பெண்ணை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் என் உள்பெட்டியில் சொல்லுங்கள். அவள் எந்த மாவட்டம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். என்னிடம் அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் பென்சிலில் குறித்துவைத்தது. தூரமாக இருந்தால் முகவரி மட்டும் வாங்கித் தாருங்கள். தபாலில் அனுப்பிவிடுகிறேன்.