வேண்டாம் என்று எப்படிச் சொல்கிறான்?

போன வாரம் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் என் சின்னவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. உறவுக்கார அத்தை ஒருவர் ஆசையாக இரண்டாவது கரண்டி கேசரி வைக்க வந்தார். இவன் இரண்டு கைகளையும் விரித்து இலையை மூடிக்கொண்டான். அத்தை கரண்டியும் கையுமாக நின்றபடி என்னைக் கேட்டார், "ஏம்மா, புள்ளைக்கு இன்னும் பேச்சு வரலையா?"

இப்போதுதானே உங்களிடம் பேசினான் என்று வாய் வரை வந்தது. சாம்பார் வாளி பின்னால் காத்துக்கொண்டிருந்தது, சிரித்து வைத்தேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வயதில் இவனுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. வசம்பைச் சுட்டு தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். தடவினோம். "அவங்க அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்றார் என் மாமியார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஆட்களான எங்களுக்கென்று தனியாக ஒரு ஆறுதல் வேறு உண்டு: குமரகுருபரர். எங்கள் ஊர்க்காரர், ஐந்து வயது வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் சன்னிதியில் வாய் திறந்து பாடியவர் என்று காலம்காலமாகச் சொல்லி வருகிறோம். பேச்சு தாமதமாகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கதை கட்டாயம் வரும். நானும் சஷ்டி விரதம் இருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. விரதம் இருந்த அந்த ஒரு வருடமும் பிள்ளையின் காதைச் சோதித்துப் பார்க்கவில்லை, அதுதான் வருத்தம்.

பேச்சு தாமதம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. பின்னால் நின்று கை தட்டி, திரும்பினான், காது கேட்கிறது என்பதெல்லாம் சோதனை ஆகாது. பெரா என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. தலையில் ஒயரை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக விடிகாலை நாலு மணிக்கே எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் வேடிக்கை காட்டி, ஆஸ்பத்திரி வாசலில் தோளில் போட்டுத் தட்டிய அம்மாக்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இவனுக்குக் காது நன்றாகவே கேட்டது. கேட்காமல் இருந்திருந்தால் நாங்கள் வசம்பு தடவிய மாதங்கள் எவ்வளவு விலையானவை என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் பேச்சு மதிப்பீடு. பெயர் வேண்டாம், ஒரு தனியார் மையம். ஏசி அறை, மேஜை, மேஜையில் பட அட்டைகள். "வாட் இஸ் திஸ்?" என்று அட்டை அட்டையாகக் காட்டினார்கள். அதில் ஒன்று கரடி பொம்மை, ஒன்று ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரியை நானே அதுவரை ஒரு தடவைதான் சாப்பிட்டிருந்தேன். இவன் இரண்டாவது அட்டையிலேயே மேஜைக்கு அடியில் போய்விட்டான். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இவன் வீட்டில் என்ன செய்வான் என்று என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்கு பக்க ஆங்கில ரிப்போர்ட்டின் சாரம், மூன்றரை வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதக் குழந்தையின் மொழி. கூடவே ஒரு அறிவுரை: வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அதுவும் இங்கிலீஷ் பேசுங்கள், நாளைக்குப் பள்ளிக்கு உதவும்.

அந்த அறிவுரை எங்கள் வீட்டை ஊமையாக்கியது. என் மாமியாருக்கு இங்கிலீஷ் வராது. பேரனைக் குளிப்பாட்டும்போது ஏதாவது பாடிக்கொண்டே இருப்பவர், வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். நானும் "கம், சிட், ஈட்" என்று மூன்று வார்த்தையில் குடும்பம் நடத்தினேன். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இல்லை. பிள்ளையோடு யாருக்கு எந்த மொழி சரளமாக வருகிறதோ அதில் பேசுவதுதான் முறை. இது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. கோபம் இன்னும் தீரவில்லை.

இரண்டாவது மதிப்பீடு அரசு மருத்துவமனையில். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்று பெயர், எல்லோரும் டி.இ.ஐ.சி. என்பார்கள். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது, காசு கிடையாது. அந்தத் திட்டத்து டாக்டர்கள் வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இதுவும் தெரியாமல்தான் தனியாருக்கு ஓடினோம். அந்த டி.இ.ஐ.சி.யில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, தரையில் உட்கார்ந்தார். சோப்புக் குமிழி ஊதினார். ஐந்தாறு ஊதிவிட்டு மூடியை இறுக்கி இவன் முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ரொம்ப நேரம். எனக்குக் கை பரபரத்தது, "ஓபன்னு சொல்லுடா" என்று சொல்லப் போனேன். அவர் கண்ணாலேயே தடுத்தார். இவன் பாட்டிலை எடுத்தான், திருகிப் பார்த்தான், கடைசியில் அவர் கையில் வைத்து அழுத்தினான். "பாத்தீங்களா, கேட்டுட்டான்" என்றார்.

பிறகு என்னிடம் கேள்விகள். பசித்தால் எப்படித் தெரியும்? நீங்கள் வேறு அறையில் இருந்தால் எப்படிக் கூப்பிடுவான்? வெளியே போக வேண்டும் என்றால்? எனக்கு வாய் ஓயவில்லை. தண்ணீருக்குச் சொம்பைக் கொண்டுவந்து மடியில் போடுவான். வெளியே போக அப்பாவின் வண்டிச் சாவி. பிஸ்கட்டுக்கு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து டப்பா மேல் வைப்பான். எல்லாம் சொன்னேன். கடைசியாக, "வேண்டாம்னு எப்படிம்மா சொல்வான்?"

யோசித்தேன். "கடிப்பான்," என்றேன். தன் கையையே. சில நேரம் என் கையை.

அன்றிலிருந்து என் கருத்து ஒன்றுதான், யார் கேட்டாலும் சொல்கிறேன். மதிப்பீட்டில் முதல் கேள்வியாக இருக்க வேண்டியது இது. தெரபி என்றால் எல்லோரும் "தா"வைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். கேட்டு வாங்கும் பிள்ளையைப் பார்த்தால் நமக்குச் சந்தோஷம். மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்கிறோம். நினைத்துப் பாருங்கள், நாள் முழுக்க யாரோ தூக்குகிறார்கள், ஊட்டுகிறார்கள், சத்தமான இடத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். போதும் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. கடிக்காமல் என்ன செய்வான்?

அந்தப் பெண் காட்டித்தான் கம்யூனிகேஷன் மேட்ரிக்ஸ் என்ற மதிப்பீட்டு முறையைத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் சாரிட்டி ரோலண்ட் என்பவர் 1990-ல் வெளியிட்டது. ஏழு படிகள். அழுகை, நெளிவு, உடம்பைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதில் கணக்குக்கு வரும். வார்த்தை என்பது ஆறாவது படியில்தான் வருகிறது. எதற்காகச் சொல்கிறான் என்று நாலு காரணங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: மறுப்பது, பெறுவது, உறவாடுவது, தகவல் பரிமாறுவது. மறுப்பதைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள். ஸ்ட்ராபெரி அட்டையில் பூஜ்யம் வாங்கியவன் இதில் பாதித் தூரம் ஏறியிருந்தான்.

சரி, என்ன செய்தோம்? இவன் தட்டையும், சொம்பையும், வண்டியையும் போனில் படம் எடுத்து, ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தோம். முதல் அட்டை "போதும்", விரித்த உள்ளங்கை. இவன் கடிக்க வாயைக் கொண்டுபோகும் அந்த நொடியில் அட்டையை அவன் கையில் வைத்து, அவன் நீட்டியதும் நிறுத்திவிட வேண்டும். சாப்பாடானாலும், தலை வாருவதானாலும், நிறுத்தியே ஆக வேண்டும். இங்கேதான் பெரியவர்கள் தோற்போம், "இன்னும் ஒரு வாய்டா" என்று. நிறுத்தாவிட்டால் அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். மாத்திரையையும் ஊசியையும் நிறுத்த முடியாதுதான், அப்போதும் "வேண்டாங்கிற, தெரியுதுய்யா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். மூன்று மாதத்தில் கடி பெருமளவு குறைந்தது. அட்டை போய், கையால் மூடுவது அவனாகவே கொண்டுவந்தது.

படம் காட்டிப் பழகினால் பேச்சே வராது என்று பயமுறுத்துவார்கள். இதுவரை வந்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடவும் செய்திருக்கிறது. சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டால் தமிழிலேயே குரல் வரும். நாங்கள் இப்போது அதில் இருக்கிறோம். வாயால் பதினோரு வார்த்தை. அதில் ஒன்று "போ". அதிகம் வாங்குவது நான்தான்.

ஐந்து வயதில் ஒரு நாள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்த் தெருவில் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. இவன் விரலை நீட்டினான். ஜேசிபியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி ஜேசிபியை. அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, நானும் அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வழக்கமாக முதல் பிறந்தநாளை ஒட்டி வந்துவிடும் விஷயம் இது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்றைத் தனியாக வைத்துப் பாடியிருக்கிறார்களே, பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது, அதன் அருமை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. குமரகுருபரரும் பிள்ளைத்தமிழ் பாடியவர்தான். எனக்குக் கிடைத்தது ஜேசிபி.

மதிப்பீட்டுக்குத் தேதி வாங்கிக் காத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். சாப்பிடும்போது, குளிக்கும்போது, பிடித்த பொருளை எடுத்து உயரத்தில் வைக்கும்போது, இரண்டிரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது அறையில் அவன் காட்டாததை அது காட்டும். பார்க்க மாட்டேன் என்கிறவர்களிடம் ரிப்போர்ட் வாங்க வேண்டாம். "போதும்" அட்டையின் படம் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். உள்ளங்கை என் பெரியவளுடையது, ஓரத்தில் மருதாணி தெரியும், கண்டுகொள்ளாதீர்கள்.